எழுந்து வந்த நீச்சல் தடாகம்

தேநீர்த் தட்டோடு நான் தோட்டத்துக்கு வந்தபோது, என் கணவரின் தலை மட்டும் தெரிய வேண்டிய இடத்தில் அவர் மார்பு வரை தெரிந்தார்.

மதியம் முதல் தேநீரைக் கொடுத்தபோது அவர் நீச்சல் தடாகத்தின் அடியில் நின்றிருந்தார். நான் புல்லில் குந்தியிருந்து குனிந்து நீட்ட, அவர் கையை உயர்த்திக் கோப்பையை வாங்கினார். பிற்பகல் தேநீருக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. நின்றபடியே கொடுத்தேன். அவரும் வாங்கி ஒரு மிடறு குடித்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டது.

“இஞ்சேரும், நீர் பள்ளத்திலயோ நிக்கிறீர்?” என்று கேட்டார்.

“இல்லை. நீங்கள்தான் உயரத்தில நிக்கிறியள்.”

உதவிக்கு வந்து, அவருக்குப் பின்னால் தேய்க்கும் தும்புத்தடியை ஊன்றி நின்ற தம்பிராசா அண்ணை, வெறுங்காலால் தடாகத்தின் அடியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். கடுதாசிப் பெட்டியைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது.

“தம்பி, அசையாதை,” என்றார் மெதுவாக. “உது எழும்புது.”

ஒரு வசந்தகாலப் பிற்பகலில், சுவிசின் துன் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில், பளிங்குபோலத் தேய்த்துக் கழுவப்பட்ட ஒரு நீச்சல் தடாகம் இரண்டு மனிதரையும் மூன்று தும்புத்தடிகளையும் சுமந்துகொண்டு நிலத்திலிருந்து வெளியே வந்தது. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் முழுதாக நம்பியதில்லை. அச்சில் வந்தால் நம்புவார்கள் என்ற ஆசையில் இந்தக் கிழமை அதை எழுதுகிறேன்.

ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர்

அந்த நாட்களில் அடைக்கலம் கேட்டு வந்தவர்களைச் சுவிஸ் அரசு மாநிலம் மாநிலமாகப் பங்கிட்டு அனுப்பும். எனக்கு ஒரு வருடம் முந்தி வந்த என் கணவருக்கு லொசானுக்கு அருகே ரெனான் கிடைத்தது. அங்கே ஒரு பெரிய சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவினார். பிறகு வந்த எனக்கு பேர்ன் மாநிலமும் துன் நகரமும் கிடைத்தன. எங்கள் விவாகப் பதிவுச் சான்றிதழ் அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை. எனவே கோப்புகளின்படி நாங்கள் தற்செயலாக ஒரே குடும்பப் பெயரைக் கொண்ட இரண்டு அந்நியர்கள்.

இரண்டு கிழமைக்கொரு ஞாயிற்றுக்கிழமை பேர்ன் ரயில் நிலையத்தில் சந்திப்போம். அவர் பிரெஞ்சில் ‘போன்ஜூர்’ என்பார். நான் பேர்ன் ஜெர்மனில் ‘கிரூஸ்ஸெக்’ என்று வணக்கம் சொல்வேன். புதிதாய்க் கற்ற மொழியில் ஒருவரையொருவர் கேலி செய்துவிட்டு, அதன் பிறகு தமிழில் கதைக்கத் தொடங்குவோம். மாலையில் இரண்டு வெவ்வேறு மேடைகளில் இரண்டு வெவ்வேறு ரயில்கள் நிற்கும். எது முதலில் புறப்படுகிறதோ அதில் போகிறவர் அதிர்ஷ்டசாலி. மற்றவர் மேடையில் நின்று பார்க்க வேண்டும்.

சான்றிதழ் வந்த பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அவர் பேர்ன் மாநிலத்துக்கு மாற வேண்டுமானால், இங்கே ஒருவர் ‘இந்த மனிதர் எனக்குத் தேவை’ என்று கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு கடிதம். அதில் ஒரு வரி. எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தது.

அந்த வரியை எழுதக்கூடியவராக எனக்குத் தெரிந்தவர் பிரௌ கெல்லர் ஒருவர்தான்.

பதினொரு வரிகள்

பிரௌ கெல்லரின் வீட்டில் கிழமையில் மூன்று காலைகள் நான் துப்புரவு வேலை செய்தேன். கணவரை இழந்தவர். முப்பது வருடம், பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். உண்மையில்லாத ஒரு வரியைத் தன் விரல்கள் தட்டியதில்லை என்பது அவருடைய பெருமை. ஊரில் தமிழ் படிப்பித்த எனக்கு, வரிகளின்மேல் இப்படியொரு பற்று வைத்த மனிதரைப் பிடித்துப்போனது இயல்பு.

வீட்டின் பின்புறத் தோட்டத்தில் அவருடைய நீச்சல் தடாகம் இருந்தது. நிலத்தைத் தோண்டி இறக்கிய நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி அது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தினமும் காலை ஏழு மணிக்கு அதில் நீந்துவார். அந்த வருடம் தோட்டக்காரருக்கு முதுகு பிடித்துவிட்டது. அந்த வேலையை என் கணவருக்குத் தந்து கடிதமும் எழுத முடியுமா என்று நான் துணிந்து கேட்டேன்.

“உங்கள் கணவர் எனக்குத் தேவை என்று நான் எழுத வேண்டுமானால், அவர் எனக்குத் தேவைப்பட வேண்டும்,” என்றார் பிரௌ கெல்லர். “நான் என் சகோதரியிடம் போகிறேன். சனிக்கிழமை மதியம் திரும்புவேன். அதற்குள் தடாகத்தைப் பருவத்துக்குத் திறந்து வைக்கட்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.”

பருவத்துக்குத் திறப்பது என்றால் என்ன என்று அவரே தட்டச்சு செய்து தந்தார். பதினொரு வரிகள். மூடியிருக்கும் பலகைகளை அகற்றுக. பனிக்கட்டி சுவரை நெரிக்காதிருக்க மிதக்கவிட்ட மரக்கட்டைகளை நீக்குக. வலையால் இலைகளை அள்ளுக. குறைந்திருக்கும் நீரை மேலே நிரப்புக. வடிகட்டியை இயக்குக. இவ்வாறாக, கடைசியில் மருந்துத் தூளும் வெப்பமானியும்.

நான் அதை மிகுந்த கவனத்துடன் தமிழில் பெயர்த்தேன். வியங்கோள் வினைமுற்றுக்களை வரிசையாக நிறுத்தி, சந்தி பிழைக்காமல், ஒரு சிறிய சாசனம்போல எழுதினேன். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ரெனானிலிருந்து வந்த கணவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“நல்ல வடிவாய் எழுதியிருக்கிறீர்,” என்றார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று அது மறுபடி வெளியே வரவில்லை.

அடி காண்பது

உதவிக்குத் தம்பிராசா அண்ணையைக் கூட்டி வந்திருந்தார். துன்னில் ஒரு விடுதியில் காய்கறி வெட்டிக்கொண்டிருந்த இந்த மனிதர், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் மெஷின் வைத்துக் கிணறு இறைத்துக் கொடுத்தவர். சுன்னாகத்திலிருந்து புத்தூர் வரைக்கும் எந்தக் கிணற்றில் எத்தனை முழம் சேறு என்று அவருக்குத் தெரியும் என்பார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக இங்கே சிறிது விலகிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கிணற்றுக்கு வருடத்துக்கொரு தரம் முழு இறைப்பு உண்டு. தண்ணீரை ஒட்ட இறைத்து, ஆட்கள் இறங்கி, சேற்றை வாளி வாளியாக ஏற்றி, சுவரைத் தேய்த்து, கடைசியில் பாறையைக் காண வேண்டும். அதற்கு ‘அடி காண்பது’ என்று பெயர். அடி காணாமல் மேலே ஏறி வந்தவனுக்கு அந்த வீட்டில் சோறு போட்டாலும் மரியாதை இராது.

அப்படிப்பட்டவர்கள் பலகைகளைத் தூக்கிப் பார்த்தபோது, கீழே இலையுதிர்காலத்திலிருந்து நின்ற தண்ணீர் பயற்றங்கஞ்சி நிறத்தில் கிடந்தது.

“உதுக்குள்ளயோ அந்த மனிசி குளிக்கிறவ?” தம்பிராசா அண்ணையின் குரலில் உண்மையான துயரம் இருந்தது.

“மேல கொஞ்சம் நிரப்பச் சொல்லித்தான் எழுதியிருக்கிறா,” என்றேன் நான். “இறைக்கச் சொல்லேல்லை.”

“எப்பிடிச் சொல்லுவா? வயது போன மனிசி. எங்களுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதெண்டு விட்டிருப்பா. நாங்கள்தான் விளங்கிச் செய்யோணும்.”

“ஓம், அண்ணை சொல்லுறது சரி,” என்றார் என் கணவர். “கடிதத்துக்காக அரைவேலை செய்தவன் எண்டு பேர் வரக் கூடாது.”

நான் இன்னும் ஒருதரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்து எனக்கும் அருவருப்பாக இருந்தது. கேளாத வேலையைச் செய்து கொடுப்பதுதான் மரியாதை என்ற எண்ணத்தில் நாங்கள் மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

தோட்டக் கொட்டிலில் மின்சாரப் பம்பு ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் தம்பிராசா அண்ணையின் முகத்தில் அந்நாட்டுக்கு வந்த பின் முதல்முறையாக ஒரு வெளிச்சத்தைக் கண்டேன். குழாயை ஓடைப்பக்கம் இழுத்துவிட்டு இயக்கினார். மதியத்துக்குள் தண்ணீர் வற்றியது. இருவரும் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். தேய்த்தார்கள். நீலம் தெரிந்தது. அடி கண்டார்கள்.

“ஊத்துக்கண் எங்க?” என்று அண்ணை தேடினார். நடுவில் இருந்த வடிகால் மூடியைக் கண்டு, பக்தியோடு அதைத் துடைத்தார்.

ஊற்று அங்கே இருக்கவில்லை. அது தொட்டிக்கு வெளியே இருந்தது. மலையில் பனி உருகி, ஏரி நிறைந்து, ஒரு கிழமையாகப் பெய்த மழையும் சேர்ந்து, அந்தத் தோட்டத்து மண் முழுவதும் தண்ணீராய் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறு காலியானால் அது வெறுங்கிணறு. ஏரிக்கரையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி காலியானால் அது படகு.

வேலிக்கு அப்பால் ஒரு தொப்பி

“தண்ணீர்! உள்ளே தண்ணீர் விடுங்கள்!”

அலறியவர் பக்கத்து வீட்டுக் கிழவர் ஹெர் பௌமான். ரயில்வேயில் பாலங்களைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். செடிவேலிக்கு மேலே அவருடைய தொப்பி மட்டும் ஆடியது. நான் தேநீர்த் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு ஓடிப்போய்த் தோட்டக் குழாயைத் திறந்தேன். தம்பிராசா அண்ணை வெளியே பாய்ந்தார். என் கணவர் மட்டும் உள்ளேயே நின்றார்.

“வெளியில வாங்கோவன்!”

“நான் வந்தால் பாரம் குறைஞ்சு இன்னும் எழும்பிப்போடும்!”

கடித வரி தன் காலடியிலிருந்து நழுவுவதை உடலால் அமுக்கி நிறுத்தலாம் என்று நினைத்த அந்த மெலிந்த மனிதரை இன்றைக்கும் என்னால் சிரிக்காமல் நினைக்க முடியவில்லை. முழங்கால்வரை தண்ணீர் ஏறிய பின்புதான் வெளியே வந்தார். தடாகம் நின்றது. ஆனால் திரும்ப இறங்கவில்லை. ஆழமான பக்கம் இரண்டு சாண், மற்றப் பக்கம் ஒரு சாண், சற்றுச் சரிந்தபடி, துறைக்கு வந்து தட்டிய தோணிபோல் புல்வெளியில் நின்றது.

சனிக்கிழமை மதியம் பிரௌ கெல்லர் வந்தார். கையில் சிறு பயணப்பை. நான் முன்வாசலிலேயே மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்பதற்கான சொற்கள் எல்லாம் வாசலிலேயே தீர்ந்துபோனதால், தோட்டத்துக்கு வந்தபோது சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் தடாகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வீட்டுக்குள் போனார். நீச்சல் உடையும் ரப்பர்த் தொப்பியுமாகத் திரும்பினார். குசினி முக்காலியை எடுத்து வந்து வைத்து, அதில் ஏறி, குளிர் குழாய்த் தண்ணீரில் இறங்கி, இரண்டு சுற்று நீந்தினார். பிறகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏரிப்பக்கத்துத் தாழ்ந்த வேலிக்கு மேலாக வெகுநேரம் பார்த்தார்.

“இருபது வருடமாக இங்கே நீந்துகிறேன்,” என்றார். “ஏரியை இன்றுதான் காண்கிறேன்.”

என் கணவர் என்னைப் பார்த்தார். “என்னவாம்? கடிதம் தருவாவாமோ?”

தட்டச்சுப் பொறியில் நின்ற தாள்

கடிதம் தரவில்லை. மறுக்கவும் இல்லை. அன்று மாலை அவர் தாளைச் சொருகி, ஊரையும் தேதியையும் தட்டி, நிறுத்திவிட்டார்.

“திறமையான வேலைக்காரர் என்று என்னால் எழுத முடியாது. தேவை என்றும் எழுத முடியாது. நேர்மையானவர் என்று எழுதலாம். ஆனால் அதை அவர்கள் கேட்கவில்லை.”

அந்தத் தாள் பொறியிலேயே நின்றது. என் கணவர் ரெனானுக்குத் திரும்பிவிட்டார். நான் கிழமையில் மூன்று காலைகள் அந்தத் தட்டச்சுப் பொறியின்மேல் தூசி துடைத்தேன். தாளைத் தொடாமல், அதன் ஓரமாக, துணியின் நுனியால். ஒவ்வொரு முறையும் தேதிக்குக் கீழே ஒரு வரியாவது வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

வளரவில்லை. அதற்குப் பதிலாகக் கிராம சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிலத்துக்கு மேலே இவ்வளவு உயரம் எழுந்து நிற்கும் எதுவும் ‘கட்டடம்’ என்றும், தங்கள் தோட்டத்தில் அனுமதியின்றி ஒரு கட்டடம் எழுந்திருப்பதாக அயலவர் எதிர்ப்புத் தெரிவித்திருப்பதாகவும், உரிய படிவத்தை நிரப்புமாறும் அதில் இருந்தது. பாலங்களைப் பரிசோதித்த ஹெர் பௌமானால் ஒழுங்கில்லாத உயரத்தைச் சகிக்க முடிந்திருக்கவில்லை.

பிரௌ கெல்லர் படிவத்தைக் குசினி மேசையில் வைத்து வாசித்தார். ஏழாவது கேள்வியில் அவருடைய விரல் நின்றது. ‘கட்டியவர் யார்? விசாரணை முடியும்வரை அவர் நேரில் கிடைக்கக்கூடியவராக இருத்தல் வேண்டும்.’

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். எழுந்து போனார். அடுத்த அறையிலிருந்து தட்டச்சுச் சத்தம் மழைபோல் வந்தது.

“இப்போது இது உண்மை,” என்று தாளை என் கையில் தந்தார். “உங்கள் கணவர் எனக்குத் தேவை.”

கம்புகள்

சுவிசில் ஏதாவது கட்டப்போகிறவர்கள், அதன் உயரத்தை அயலவர்கள் முன்கூட்டியே காணும்படி நான்கு மூலையிலும் கம்பு நட்டுவைப்பது முறை. எங்கள் தடாகமோ முன்பே எழுந்துவிட்டது. ஆனாலும் முறை முறைதான். இரண்டு பேர் வந்து, கண்முன் நிற்கும் தடாகத்தைச் சுற்றி நான்கு கம்புகளை நட்டு, அது எழுந்தால் எவ்வளவு உயரம் இருக்கும் என்பதைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

என் கணவர் ஒரு பெட்டியோடும், ‘விசாரணை முடியும்வரை’ இந்தக் கிராமத்தில் வசிக்கலாம் என்ற தாளோடும் ரெனானிலிருந்து வந்து இறங்கினார். தம்பிராசா அண்ணை ரயிலடிக்கு வந்திருந்தார்.

“எங்கட ஆக்கள் ஒருதரும் இந்த நாட்டில ஒரு கோழிக்கூடு கட்டேல்லை. நீ பூல் கட்டிப்போட்டாயடா!”

விசாரணைக்கு வந்த அதிகாரி இளைஞர். மிகவும் மரியாதையானவர். கட்டடம் எந்த முறையில் எழுப்பப்பட்டது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“அடி கண்டனாங்கள் எண்டு சொல்லும்,” என்றார் கணவர்.

எவ்வளவோ யோசித்தும் ஈடான சொல் கிடைக்கவில்லை. “முழுமையாகச் சுத்தம் செய்ததனால்,” என்றேன். அதிகாரி தலையை நிமிர்த்தி என் கணவரை ஒருவித கௌரவத்தோடு பார்த்து, அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தக் கோடையில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. பிரௌ கெல்லரின் வாகனக் கொட்டிலுக்கு மேலே சாய்ந்த கூரையுள்ள ஒரே அறை. காலையில் விழித்தால் பக்கத்தில் ஒருவர் மூச்சு விடும் சத்தம் கேட்கும். அதை நான் சில நாட்கள் எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டே கிடந்ததுண்டு.

எதிர்ப்பாளர்

ஆபத்து அன்பின் வடிவத்தில் வந்தது. என் கணவர் ஹெர் பௌமானின் பூமரங்களுக்குக் கிளை வெட்டிக் கொடுத்தார். ஏணி பிடித்தார். கிழவருக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் வேலிக்கு மேலே தொப்பியை உயர்த்தி, “நல்ல செய்தி! என் எதிர்ப்பை மீளப் பெறப்போகிறேன். நாளைக்கே எழுதிவிடுகிறேன்!” என்றார்.

எதிர்ப்பு இல்லையென்றால் விசாரணை இல்லை. விசாரணை இல்லையென்றால் ரெனான்.

பிரௌ கெல்லர் உதட்டைக் கடித்தார். “விண்ணப்பதாரரான நான் எதிர்ப்பாளரிடம் போய்க் கேட்பது முறையல்ல. நீங்கள் அயலவர்கள். நீங்கள் போகலாம்.”

நான் மரக்கறி ரோல்ஸ் பொரித்தேன். இருவரும் ஹெர் பௌமானின் வீட்டு மணியை அடித்தோம். மேசையில் மீளப் பெறும் கடிதம் கையொப்பத்துக்குத் தயாராகக் கிடந்தது. எங்கள் நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வாடிவிட்டது.

“ஆனால் எனக்கு இப்போது ஒரு முறைப்பாடும் இல்லையே,” என்றார். “பொய்யாக எதிர்க்க என்னால் முடியாது.”

“இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்,” என்று கெஞ்சினேன். ஒரு மனிதரிடம் முறைப்பாடு செய்யும்படி கெஞ்சியது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

“ஏதும் கிடைக்குதோ எண்டு கேளும்,” என்றார் கணவர். “தடாகம் அசிங்கமாய்த்தானே நிக்குது.”

“அசிங்கமில்லை,” என்றார் ஹெர் பௌமான், நான் மொழிபெயர்த்ததும். “பழகிவிட்டது.” சன்னலருகே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெடுநேரம் தடாகத்தைப் பார்த்தார். ஒரு பாலத்தில் வெடிப்புத் தேடுகிறவரின் பொறுமையோடு பார்த்தார்.

பிறகு திரும்பினார்.

“அவர் பாடுகிறார்.”

“யார்?”

“பிரௌ கெல்லர். நீந்தும்போது. இருபது வருடமாகப் பாடியிருப்பார் போலிருக்கிறது, குழிக்குள் இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. இப்போது தடாகம் மேலே வந்ததால் வேலியைத் தாண்டி வருகிறது. தினமும் ஏழு மணிக்கு. மூன்று பாட்டு. மூன்றாவதில் சுருதி இறங்கும்.”

நான் மொழிபெயர்த்தேன். என் கணவர் பதறிப்போனார். “அப்ப பாட வேண்டாமெண்டு அவவிட்டச் சொல்லட்டோ?”

அதையும் மொழிபெயர்த்தேன். “நைன், வேண்டாம்!” ஹெர் பௌமான் கையை உயர்த்தித் தடுத்தார். “ஒரு சொல்லும் அவரிடம் சொல்லக் கூடாது. நிறுத்திவிட்டால் நான் எதை எதிர்ப்பது?” அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

பழைய கடிதத்தை நான்காகக் கிழித்தார். புதிய தாளை எடுத்து, பாட்டு, நேரம், சுருதி எல்லாவற்றையும் நுணுக்கமாக எழுதிக் கையொப்பமிட்டார். நான் எழுந்து நன்றி சொன்னேன்.

“எதிர்ப்பாளருக்கு நன்றி சொல்லக் கூடாது,” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

அந்த எதிர்ப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டு விசாரணை நீண்டது. எங்கள் மகள் பிறந்து, அந்தக் கொட்டில் அறையில் மூன்றாவது கட்டிலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த மாதத்திலும் ஹெர் பௌமான் அதைப் புதுப்பித்துக் கையொப்பமிட்டார்.